'கற்பழிப்பு' என்று இனியும் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் இன்னும் 'கற்பழிப்பு' என்றே தலைப்பு வருகிறது. அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அவன் என்ன செய்தான் என்பது அதில் இல்லை, அவளிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துவிட்டது என்றுதான் இருக்கிறது.

இது வெறும் சொல்தானே என்று விடமுடியவில்லை. எனக்கு நெருங்கிய ஒருத்தி, தனக்கு நடந்ததைப் பதினோரு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். அன்றைக்கு முதலில் மனதில் வந்தது கோபம் இல்லையாம், 'வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்' என்ற பயம்தானாம். குளித்தாள், துணியைத் துவைத்தாள், எதுவும் நடக்காதது போலப் படுத்துவிட்டாள். தடயமும் அதோடு போயிற்று. இப்படிப் பயந்து நாள் கடத்தியவள் கடைசியில் வாயைத் திறந்தால், 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்று கேட்பதும் அவளைப் பயமுறுத்திய அதே ஊர்தான்.

அப்புறம், 'ஏன் கத்தவில்லை?' என்று கேட்கிறார்கள். பேராபத்தில் உடம்பு விறைத்துப்போய், குரல் எழும்பாமல், கையைக் காலை அசைக்க முடியாமல் போவது பலருக்கும் நடப்பதுதான், மருத்துவ ஆய்வுகளும் இதைச் சொல்கின்றன. ஆனால் நல்ல பெண் என்றால் உயிரைக் கொடுத்தாவது போராடுவாள் என்று நாம் கதை சொல்லியே வளர்த்திருக்கிறோம், அதனால் போராட முடியாமல் போனவள் தன்னையே சந்தேகப்படுகிறாள். செய்தவன் கணவனாக இருந்துவிட்டால் அதைக் குற்றம் என்று நினைக்கவே அவளுக்குத் தோன்றாது.

சட்டமே இந்த நம்பிக்கையின்மேல் நின்றிருக்கிறது. இத்தாலியில் 1981 வரை, பாதிக்கப்பட்டவளைத் திருமணம் செய்துகொண்டால் குற்றவாளிக்குத் தண்டனை இல்லை. அவள் மானத்தை மீட்டுத் தருகிறானாம்! 1965-இல் அந்நாட்டின் சிசிலித் தீவில் கடத்தப்பட்ட பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண், தன்னைக் கடத்தி வன்கொடுமை செய்தவனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மறுத்தார், மகளின் பக்கம் அப்பா உறுதியாக நின்றார், அவன் சிறைக்குப் போனான். அதன் பிறகும் சட்டத்தை நீக்கப் பதினைந்து வருடம் ஆனது. ஜோர்டான், லெபனான், துனிசியாவில் இதுபோன்ற பிரிவுகள் 2017-இல்தான் நீக்கப்பட்டன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுங்கள். 'சீரழித்தான்', 'வாழ்க்கை நாசமானது' போன்றவை வேண்டாம். அவள் என்ன உடுத்தியிருந்தாள், அந்த நேரத்தில் ஏன் வெளியே போனாள் என்ற வரிகளையும் எடுத்துவிட்டு, அவன் செய்ததிலிருந்து செய்தியைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி