டிரைவருக்கு பேட்டா கட் பண்றத விட்டுட்டு மத்தியானம் அரை மணி நேரம் ரெஸ்ட் குடுங்க

ஓனர் சாருக்கும் ஆபீஸ் மேனேஜர் சாருக்கும் வணக்கமுங்க.

வேலந்தாவளத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை வழியா பாலக்காடு போற உங்க பஸ்லதான் நான் தெனமும் வேலைக்குப் போய்ட்டு வர்றேன், டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில இருக்கேன். போன வாரம் சாயங்கால ட்ரிப்புல நாட்டுகல் தாண்டினதும் டிரைவர் சடன் பிரேக் போட்டதுல முன்னாடி நின்னுட்டு இருந்த ஒரு பாட்டி கம்பியில போய் மோதி நெத்தி புடைச்சிருச்சு. நல்லவேளை அதோட போச்சு. நான் அன்னைக்கே ஆபீஸுக்கு போன் பண்ணி சொன்னேன். மறுநாள் கேட்டா "அந்த டிரைவருக்கு பேட்டா கட் பண்ணியாச்சு, இனிமே கவனமா ஓட்டுவான்"னு பதில் வருது. அந்த பதில கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிஞ்சு இத எழுதறேன்.

அவர் எதுக்கு பிரேக் போட்டார்னு யாராச்சும் கேட்டீங்களா? கண்ணு சொக்கிருச்சுங்க. லேடீஸ் சீட் முன்னாடிங்கறதால நான் கண்ணாடியில பாத்துட்டேதான் இருந்தேன், ரெண்டு மூணு தடவ தலைய உலுக்கிக்கிட்டார், ஒரு கையில தண்ணி பாட்டில எடுத்து மூஞ்சில தெளிச்சுக்கிட்டார், அப்பறம் ஒரு செகண்டு அசந்துட்டார், எதுக்க டிப்பர். காலையில ஆறு மணி ட்ரிப் எடுத்தவரும் அவர்தான், ராத்திரி ஒம்பதுக்கு மேல கொண்டு வந்து ஹால்ட் போடறவரும் அவர்தான். ஹால்ட்டுன்னா வீட்டுக்குப் போறது இல்ல, பஸ்ஸுக்குள்ளயே சீட்ல படுத்துக்கறது, கொசுக்கடியில. நாலரைக்கு எந்திரிச்சு வண்டி கழுவணும். இப்படி இருந்தா எந்த மனுசனுக்குத்தான் சாயங்காலம் கண்ணு சொக்காது?

மத்தியானம் என் லஞ்ச் டைம்ல ஸ்டேடியம் ஸ்டாண்டு பக்கம் போனா பாக்கறேன், பஸ் லேட்டா வந்து நிக்குது, அடுத்த ட்ரிப்புக்கு அஞ்சு நிமிசம் கூட இருக்கறது இல்ல, பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன் அடிக்கறான், டைம் கீப்பர் விசில் ஊதறார், அதுக்குள்ள இவர் ஸ்டியரிங்ல உக்காந்தபடியே ஜன்னல் வழியா ஒரு வடையும் டீயும் வாங்கி முழுங்கிட்டு கியர் போடறார். ஒண்ணுக்குப் போகக்கூட இறங்க முடியறது இல்லன்னு தண்ணியே கம்மியா குடிக்கறாராம், கண்டக்டர் தம்பிதான் சொன்னாப்ல. பக்கத்துல கொதிக்கற இஞ்சின் பானெட். இது பாலக்காட்டு வெயில் வேற, 2024 ஏப்ரல்ல 41 டிகிரிய தாண்டின ஊருங்க இது. கோடையில வெயில்ல வேலை செய்யறவங்கள 12 மணில இருந்து 3 மணி வரைக்கும் நிறுத்தி ரெஸ்ட் குடுக்கணும்னு கேரளா லேபர் டிபார்ட்மெண்ட் வருசா வருசம் ஆர்டர் போடுது. ரோடு போடற ஆளுக்கு கெடைக்கற அந்த நெழல் அதே ரோட்டுல அறுபது பேர வச்சு ஓட்டற ஆளுக்கு கெடைக்க வேண்டாமா?

நான் புதுசா எதையும் கேக்கலைங்க. மோட்டார் டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் சட்டம்னு 1961லயே போட்டாங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரமாச்சும் ரெஸ்ட், நடுவுல ரெஸ்ட்டையும் சேத்து மொத்த டூட்டி 12 மணி நேரத்துக்குள்ள முடியணும், ஒரு டூட்டி முடிஞ்சு அடுத்த டூட்டிக்கு நடுவுல 9 மணி நேரம் தொடர்ச்சியா ஓய்வு, வாரத்துல ஒரு நாள் லீவு, ஓவர்டைம்னா டபுள் சம்பளம், எல்லாம் அதுல இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புது லேபர் சட்டம் வர்ற வரைக்கும். திருவனந்தபுரம் பக்கம் பாறசாலை அரசு பஸ் டிப்போவுல 2022 அக்டோபர்ல 12 மணி நேர சிங்கிள் டூட்டி கொண்டு வந்ததுக்கே அரசு பஸ் யூனியன்காரங்க அவ்வளவு சண்டை போட்டாங்க. உங்க வண்டியில அது 15 மணி நேரமா ஓடுது, சண்டை போட ஒரு யூனியனும் வரல.

இதுல பேட்டாவையும் கலெக்‌ஷனோட கட்டி வச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் எல்லா கெட்ட பழக்கமும் ஆரம்பிக்குது. கலெக்‌ஷன் ஏறினாத்தான் பேட்டா ஏறும்னா முன்னாடி போற பஸ்ஸ முந்தி ஆள அள்ளத்தான் தோணும். ஸ்கூல் புள்ளைங்கள பாத்தா நிக்காம போகத்தான் தோணும், ஏன்னா அதுங்க கன்செஷன்ல ஒரு ரூவா குடுக்கும், அந்த எடத்துல பெரியவங்க நின்னா மினிமம் பத்து ரூவா. என் பொண்ணு சித்தூர் காலேஜ்ல படிக்கறா, பஸ் கெளம்பற வரைக்கும் புள்ளைங்கள கீழயே நிக்க வச்சு ஓடற வண்டியில ஏறச் சொல்றாங்கன்னு அழுதுட்டு வந்தா. அந்த கிளீனர் பையன திட்டி என்ன பிரயோஜனம், அவனுக்கும் கலெக்‌ஷன்லதான் காசு. கூட்டத்துல டிக்கெட் கிழிச்சுக் குடுக்காம காசு மட்டும் வாங்கறது, முன் ஸ்டேஜுல ஏறினதா கணக்கு போட்டு வாங்கறது, இதெல்லாமும் நடக்குது, அதையும் நீங்க பாக்கணும்.

டிக்கெட் ரேட் பத்தி எனக்கு கொறை இல்ல. வேலந்தாவளம் செக்போஸ்ட்ட தாண்டி அந்தப் பக்கம் போனா தமிழ்நாடு அரசு சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021ல இருந்து டிக்கெட்டே கெடையாது, இங்க 2022 மே மாசத்துல மினிமம் 8ல இருந்து 10 ஆச்சு. ஏத்தினதுல அந்த ஆளுக்கு ஒரு வேளை சோறு உக்காந்து திங்க வழி பண்ணிருந்தா சந்தோசமா குடுத்துட்டுப் போறோம்.

டைமிங் ஆர்.டி.ஓ. குடுத்தது, எங்க கையில இல்லன்னு சொல்லுவீங்க. அத மாத்தித் தரச்சொல்லி பெர்மிட்காரர் நீங்க மனு போடலாமே, கூட்டுபாதை பக்கம் இப்ப இருக்கற நெரிசல்ல அந்தப் பழைய ரன்னிங் டைம் எப்படிப் பத்தும்? அது வர்ற வரைக்கும் பஸ்ஸ நிறுத்தவே வேண்டாம், ஆள மாத்துங்க. மத்தியானம் ஸ்டாண்டுல ஒரு ஸ்பேர் டிரைவர் ஏறட்டும், காலையில ஓட்டினவர் இறங்கி சாப்புட்டு படுக்கட்டும். உங்களுக்கு இத்தன வண்டி இருக்குது, ரெண்டு ஆள் சேத்துப் போட முடியாதுன்னா நான் நம்ப மாட்டேன். டீசல் வெல ஏறிருச்சு, கன்செஷன்ல நஷ்டம்னு நீங்க சொல்றதுல உண்மை இருக்குது, அதுக்கு கவர்மெண்ட்டுகிட்ட கேளுங்க, நாங்களும் கையெழுத்துப் போடறோம். அத டிரைவரோட தூக்கத்துல புடிக்காதீங்க.

கட் பண்ணின பேட்டாவ அவருக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்களா, ரெஸ்ட்டுக்கு எந்த மாசத்துல இருந்து ஏற்பாடு, பேட்டாவ கலெக்‌ஷன்ல இருந்து பிரிப்பீங்களா, இது மூணுக்கும் எழுத்துல பதில் வேணுமுங்க. பதினஞ்சு நாள் பாப்பேன். பதில் வரலைன்னா இதே கடிதத்த பாலக்காடு லேபர் ஆபீஸுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் குடுப்பேன், எங்க ஸ்டாப்புல தெனமும் ஏறற பொம்பளைங்க எல்லாம் கூட கையெழுத்துப் போடத் தயாரா இருக்கறாங்க. டிரைவர் அண்ணனுக்கு நான் எழுதறது தெரியாது, அவர்கிட்ட இத வச்சு எதுவும் கேக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்க பஸ்ல தெனமும் வர்ற ஒரு பயணி, வேலந்தாவளம்