ஷிப்ட் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேலை, குடும்பம், மனநிறைவு பற்றி வெளியான கட்டுரையில் ஒரு வரி: "நேரத்தைத் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு வீடும் வேலையும் மோதிக்கொள்வதே இல்லை." ஆட்களுக்கு ஷிப்ட் போடும் பணியாளர் பிரிவில் இருக்கும் எங்களால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. அடுத்த வாரத்துப் பட்டியலைச் சனிக்கிழமை மாலைதான் ஒட்டுகிறார்கள் என்றால், திங்கட்கிழமையை யாரால் எப்படித் திட்டமிட முடியும்? தாங்கள் அறியாததல்ல.

கணக்காகவே சொல்கிறேன். இரவு 10 மணிக்கு இரண்டாம் ஷிப்ட் முடிகிறவருக்கு மறுநாள் காலை 6 மணிக்கு முதல் ஷிப்ட். இடையில் 8 மணி நேரம். பொறுப்பை ஒப்படைக்கக் கால் மணி, போக வர இரண்டு மணி, சாப்பிட, குளிக்க, கிளம்ப ஒரு மணி. தூக்கத்துக்கு ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. குழந்தை விழித்திருக்கும் நேரம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி ஒவ்வொரு நாளும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. ஓய்வைத் தொழிலாளியின் சாமர்த்தியத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதன் வேர் ஆள் கணக்கில் இருக்கிறது. இரவு பகலாக ஒருவர் இருந்தாக வேண்டிய இடத்துக்கு வாரம் 168 மணி நேர வேலை. 1919இல் வந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை சொன்ன 48 மணி நேர வாரத்தை வைத்துக்கொண்டாலே மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் நான்குக்குக் குறையாது. அந்த இடத்தில் மூன்று பேரைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டுக்கு வந்து பொறுப்பேற்க வேண்டியவர், வராத நாளில் இருப்பவர் டபுள் ஷிப்ட் பார்க்கிறார். வீக் ஆஃப் தள்ளிப்போகிறது. கூடுதலாகப் பார்த்த வேலைக்கு ஈடாகத் தரும் விடுப்பான காம்ப் ஆஃப் ஏட்டில் ஏறுகிறதே தவிர, எடுக்க நாள் கிடைப்பதில்லை.

மனநிறைவு ஒரே நாளில் போய்விடாது. முதலில், கேட்டவுடன் ஷிப்ட் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் முடியாது என்று சொல்லத் தொடங்குவார். பிறகு, முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாள் விடுப்புகள் கூடும். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்க மாட்டார். மேலே போனால் இரவிலும் போன் வரும் என்று அவருக்குத் தெரியும். கைக்குப் பழகிய, பிடித்துச் செய்த அதே வேலை மேல் வெறுப்பு வந்துவிடும். கடைசியில் ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி எழுதுவார். நிர்வாகமும் அதை அப்படியே பதிந்துகொண்டு, அடுத்து வருபவருக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, அதே பட்டியலில் உட்கார்த்தும். வேலை மோசமில்லை, சம்பளமும் மோசமில்லை, பின் ஏன் ஆட்கள் நிற்பதில்லை என்ற கேள்விக்கு விடை அந்த ஒற்றை வரிக்குள் இருக்கிறது. தங்கள் கட்டுரையும் அதைச் சொந்தக் காரணம் என்றே எழுதிவிட்டதில்தான் எங்களுக்கு வருத்தம்.

இந்த மோதலை கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே மூன்றாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். நேரம் போதாமல் வருவது ஒன்று. வேலையின் அழுத்தம் வீடுவரை வருவது இன்னொன்று. வேலையிடத்தில் தேவைப்படும் நடத்தை வீட்டில் பொருந்தாமல் போவது மூன்றாவது. நாள் முழுக்கக் கறாராகப் பேசி வேலை வாங்கும் மேற்பார்வையாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் குரலை மாற்ற முடியாமல் தவிப்பதை எந்தக் கால அட்டவணை தீர்க்கும்? இரவு 9.40க்கு "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று மேலதிகாரி அனுப்பும் செய்தி அரை நிமிட வேலைதான். ஆனால் அதைப் படித்தவர் தூங்கும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார். காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி பல மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது.

முன்பும் இப்படித்தான். ஓர் இதழில் வாசகர்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் கேள்விப் பட்டியல் தந்தீர்கள். வீட்டுக் கவலை வேலையைக் கெடுக்கிறதா என்றுதான் எல்லாக் கேள்வியும் கேட்டது. நெட்மேயரும் சக ஆய்வாளர்களும் 1996இல் உருவாக்கிய அளவுகோலில் வேலை வீட்டைக் கெடுப்பதற்கு 5 கேள்வி, வீடு வேலையைக் கெடுப்பதற்கு 5 கேள்வி. ஒரு பாதியை மட்டும் கேட்டால் குற்றவாளி வீடாகத்தான் இருக்கும். இன்னோர் இதழில், வேலை முடிந்தபின் யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்களைப் பாராட்டினீர்கள். அந்த ஒரு மணி நேரமும் வீட்டுக் கணக்கிலிருந்துதான் போகிறது. இந்தக் கட்டுரைகள் எல்லாமே மகளிர் பக்கத்தில் மட்டும் வருவது ஏன் என்றும் நெடுநாளாகக் கேட்க நினைத்ததுண்டு. தகப்பன்மாருக்கும் வீடு உண்டு ஐயா.

சரிசெய்ய வழி இருக்கிறது. பட்டியலை 14 நாள் முன்னதாக ஒட்டலாம். சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் வைத்தால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஷிப்டுக்கு நடுவிலுள்ள ஓய்வுதான் சுருங்கும். ஒரே வேலை தெரிந்த இருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஷிப்ட் மாற்றத்தை மறுக்கக்கூடாது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. செலவு பிடிப்பது நான்காவது ஆள்தான். அதனால்தான் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடுங்கள். நேர்காணலுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை என்று மூன்று கேள்விகளைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்: ஷிப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்னதாக வரும்? இரண்டு ஷிப்டுக்கு இடையில் குறைந்தது எத்தனை மணி நேரம்? ரிலீவர் வராவிட்டால் யார் நிற்பார்கள்?

இப்படிக்கு,
பணியாளர் பிரிவு அலுவலர் ஒருவர்
(பெயரை வெளியிட வேண்டாம்)