எங்கள் நாயை மின்தூக்கியில் அனுமதிக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
வட்டாரப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
யீஷூன், சிங்கப்பூர்.

அனுப்புநர்:
ஒன்பதாம் மாடிக் குடியிருப்பாளர்.

பொருள்: "பெரிய நாய், மூர்க்கமான இனம்" என்ற புகாரின் பேரில் எங்கள் நாய்க்கு மின்தூக்கியை மறுத்த வாய்மொழி உத்தரவை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு ஆங்கிலத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, "உங்கள் கருத்தைப் பெற்றுக்கொண்டோம்" என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நீங்கள் தமிழ் நன்றாகப் படிப்பவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் இந்த முறை மனத்தில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதும் படிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் புளோக்கைப் பற்றி உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. குளத்துக்குப் போகும் நடைபாதை, பின்னால் இருக்கும் கார்ப்பேட்டை, மழை பெய்தால் சாரல் அடிக்கும் படிக்கட்டு எல்லாம் நீங்கள் நேரில் பார்த்தவை. தீபாவளிக்கு முன்பு தாழ்வாரத்தில் கிடந்த சைக்கிள்களை எடுக்கச் சொல்ல வந்தபோது எங்கள் நாய் மணியையும் பார்த்தீர்கள். கேட்டுக்குப் பின்னால் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். "இவனா?" என்று கேட்டீர்கள். ஆமாம் ஐயா, இவன்தான்.

1. மணி உள்ளூர்க் கலப்பின நாய். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களின் பட்டியலில் இவனைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்பதால்தான் 2012-இல், உள்ளூர்க் கலப்பின நாய்களை அந்த வீடுகளில் வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டம் வந்தது. 2020-இல் உயர வரம்பை 50 சென்டிமீட்டரிலிருந்து 55 ஆக உயர்த்தினார்கள். மணியின் தோள் உயரம் 52. கருத்தடை, மைக்ரோசிப், கீழ்ப்படிதல் பயிற்சி எல்லாம் முடிந்தன. உரிமத்தை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் புதுப்பிக்கிறோம். நகல்களை மறுபடியும் இணைத்திருக்கிறேன். வெளியே போகும்போது கழுத்துவார் இல்லாமல் அவன் ஒரு நாளும் போனதில்லை.

2. புகார் கொடுத்தவர் மணியை "அல்சேஷன் கலப்பு" என்று எழுதியிருக்கிறாராம். முகத்தில் கறுப்பு, நிமிர்ந்த காது, செம்பழுப்பு உடம்பு. இதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் சொல்லப்படவில்லை. ஜெர்மன் ஷெப்பர்டும் (அல்சேஷன் என்பதும் அதுதான்) அதன் கலப்பும் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன, வீவக வீட்டில் வளர்க்க முடியாது, வெளியே வாய்க்கூடை போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்து இனம் சொல்வது எவ்வளவு தவறாகப் போகும் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவில் காப்பகத்து நாய்களுக்கு மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, காப்பகம் எழுதி வைத்திருந்த இனம் பெரும்பாலான நாய்களின் மரபணுவில் தென்படவே இல்லை. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. தினமும் நாய்களோடு பழகுகிறவர்களுக்கே அப்படி என்றால், மின்தூக்கிக் கதவு திறந்த நேரத்தில் பார்த்தவர் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? மணியைக் கொடுத்த விலங்குநல அமைப்பும், வீட்டுக்கு வந்து பார்த்தவர்களும், பயிற்சி கொடுத்தவரும் ஒன்று சொல்ல, பக்கத்து வரிசைக்காரர் வேறொன்று சொன்னதும் அவர் பேச்சே எடுபட்டது.

3. இதுதான் எங்களை அதிகம் வாட்டுவது. தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது முழுவதும் படியுங்கள்.

புகார் வந்த பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி, "சமாதானத்துக்காகக் கொஞ்ச நாள் நாயைப் படிக்கட்டு வழியாகக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் தரவில்லை. மறுநாளே மின்தூக்கிக்குள் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பல்லைக் காட்டும் ஒரு நாயின் படம், அதன் கீழே பெரிய, மூர்க்கமான நாய்களை உள்ளே கொண்டு வரக் கூடாது என்று நான்கு மொழிகளிலும் வாசகம். யார் ஒட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் "கொஞ்ச நாள்" இன்னும் முடியவில்லை.

நான் காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்பிவிடுவேன். மணியைக் கூட்டிப் போவது என் அப்பா. வயது 72. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை செய்தவர். நடக்க வேண்டும், படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் மருத்துவமனையில் சொல்லி அனுப்பியது. அம்மா போன பிறகு வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தவரை நடக்க வைத்தவனே மணிதான். இப்போது அதே மணிக்காக அவர் ஒன்பது மாடி இறங்குகிறார், ஒன்பது மாடி ஏறுகிறார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

இறங்குவதுதான் ஏறுவதைவிட மோசம் ஐயா. இடது கையில் கைப்பிடி, வலது கையில் மணியின் வார். ஏழாம் மாடி வளைவில் பழைய செய்தித்தாள் கட்டுகளும் பூந்தொட்டிகளும் இருப்பதால் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரோரம் வர வேண்டும். நான்காம் மாடியில் விளக்கு எரிவதில்லை. மழை நாளில் சாரல் விழுந்து படி வழுக்கும். மணி இரண்டு படி இறங்குவான், நின்று திரும்பி அப்பாவின் காலைப் பார்ப்பான், அவர் வந்து சேர்ந்ததும் அடுத்த இரண்டு படி. இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "மூர்க்கமான இனம்" என்று தாளில் ஒட்டப்பட்டிருப்பது இவனைப் பற்றித்தான்.

போன மாதம் அவனுக்கு வயிற்றுப்போக்கு. அடக்க முடியாமல் ஐந்தாம் மாடி வளைவிலேயே போய்விட்டான். அப்பா அவனைக் கைப்பிடியில் கட்டிவிட்டு, மேலே ஏறி வந்து வாளியும் டெட்டாலும் எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கி, குனிந்து கழுவினார். கழுவி முடிப்பதற்குள் யாரோ படம் எடுத்துப் புகாரும் போட்டுவிட்டார்கள். அந்தப் புகாருக்கு அன்று மாலையே ஆள் வந்தது! நான்காம் மாடி விளக்குக்கு இன்னும் யாரும் வரவில்லை. முழங்கால் வீங்கி அப்பா இரண்டு நாள் படுத்திருந்ததற்கும் யாரும் வரவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஐயா, முன்பெல்லாம் எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. வயதானவர்கள் படி ஏறிச் சிரமப்படக் கூடாது என்றுதான் 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் கொண்டு வந்து, பிறகு எங்களுக்கும் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி செய்தார்கள். அப்பா அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? அந்த மின்தூக்கி அவர் கண் முன்னால் போய் வந்துகொண்டிருக்கிறது. ஏற முடியவில்லை.

4. ஆறாம் மாடியில் ஜாக் ரஸல் என்ற சின்ன இன நாய் ஒன்று இருக்கிறது. பெயரோ வீட்டு எண்ணோ சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது மின்தூக்கிக்குள் உணவு கொண்டு வந்த பையனின் குதிகாலைக் கவ்வியது, ரத்தம் வந்தது. உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். "சின்னதுதானே, விளையாட்டுக்கு" என்றார்கள். அதே காரியத்தை மணி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நாய்க்கும் தடை போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கும் அநியாயம்தான் நடக்கிறது. சின்ன நாய் என்றால் செல்லம் கொடுத்துக் கெட்டது, சும்மா குரைக்கும், பொம்மை மாதிரி என்று ஒரு முத்திரை. அது உறுமினால் யாரும் அதைப் பயமாக எடுத்துக்கொள்வதில்லை. நடுங்கிக்கொண்டு பின்வாங்கும்போதும் பிள்ளைகள் ஓடி வந்து தூக்குகிறார்கள். வேறு வழி இல்லாமல் அது கவ்வுகிறது. ஜாக் ரஸல், நரி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நாய். மடியில் வைத்துக் கொஞ்சும் யார்க்‌ஷயர் டெரியர் ஒரு காலத்தில் இங்கிலாந்து ஆலைகளில் எலி பிடித்தது. இவற்றுக்கும் பயிற்சி வேண்டும், ஓட இடம் வேண்டும். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டபோது டாக்ஸ்ஹுண்ட், சிவாவா, ஜாக் ரஸல் ஆகிய சின்ன இனங்கள் ஆக்ரோஷத்தில் முன்வரிசையில் நின்றன. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது, அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் மணிக்குப் பயிற்சி கட்டாயம், நாங்களும் கொடுத்திருக்கிறோம். சின்ன நாயின் வளர்ப்பவரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5. "அந்த இனத்தின் குணமே அப்படித்தான்" என்று உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் ஒருவர் சொன்னார். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வெளியான மரபணு ஆய்வில், நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான் என்று கண்டார்கள். மிச்சம் எல்லாம் வளர்ப்பு, பழக்கம், வயது, அந்தந்த நாயின் சொந்த சுபாவம். நெதர்லாந்தில் பிட்புல் வகைக்கு 1993-இல் தடை போட்டு, கடி குறையாததால் 2008-இல் அதை நீக்கினார்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் கண் போன சிப்பாய்களுக்கு வழிகாட்ட 1916-இல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் பள்ளி தொடங்கியபோது, அந்த வேலைக்குப் பழக்கியது இந்த இனத்தைத்தான். நம் போலீஸின் கே-9 என்ற நாய்ப் பிரிவிலும் அவை இருக்கின்றன, அவற்றைப் பார்த்து நாமே கைதட்டுகிறோம். அட்டவணையில் இருக்கும் இனங்களுக்குச் சட்டம் சொல்லும் வாய்க்கூடையும் வாரும் இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லும் இடம் இது இல்லை. ஆனால் அட்டவணையிலேயே இல்லாத ஒரு நாயை, பார்க்க அப்படி இருக்கிறான் என்பதற்காகத் தண்டிப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது ஐயா? வாய்க்கூடை போட்டுப் பழக்குங்கள் என்றும் ஒருவர் சொன்னார். நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வாயை நன்றாகத் திறக்கவிடாத கூடையைப் போட்டு, இந்தப் புழுக்கத்தில் அவனை ஒன்பது மாடி ஏறச் சொல்கிறீர்களா?

6. எதிர்வீட்டு மலாய் மக்சிக் (வயதில் மூத்த பெண்மணி), நாய் மூக்கு படுவதை விரும்பாதவர். அதை முதல் வாரமே அப்பாவிடம் நேராகச் சொன்னார். அவர் நின்றால் நாங்கள் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்போம். அவரும் ஹரிராயாவுக்கு மறக்காமல் பலகாரம் கொடுத்து விடுவார். பயப்படும் பிள்ளைகள் இருந்தாலும் அப்படியே ஒதுங்கி நிற்போம். புகார் கொடுத்தவரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

7. மின்தூக்கிக்குள் மணி என்ன செய்வான் என்று கேட்டீர்களானால்: உள்ளே போனதும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவான். கதவு திறந்தாலும் அப்பா "சரி" என்று சொல்லும்வரை எழ மாட்டான். நீங்கள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். பயிற்சியாளர் ஒருவரையும் கூட்டி வாருங்கள். எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியதுகூட இல்லை.

8. நான்காம் மாடி விளக்கு. அதையும் மறந்துவிடாதீர்கள்.

9. எங்கள் கோரிக்கை பெரிதில்லை. படிக்கட்டு வழியாகப் போகச் சொன்ன வாய்மொழி உத்தரவை நீக்கிவிட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். அந்தப் படம் போட்ட தாளைக் கிழித்தெடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் நாயைப் பற்றிப் புகார் வந்தால், அது பெரியதோ சின்னதோ, என்ன செய்தது என்று கேளுங்கள். எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மணி யாரையாவது கடித்திருந்தால், துரத்தியிருந்தால், உறுமியிருந்தால் தேதியும் நேரமும் சொல்லுங்கள், எந்த விசாரணைக்கும் வருகிறேன். அப்படி ஒன்றுகூட அந்தப் புகாரில் இல்லை என்று உங்கள் அதிகாரியே என்னிடம் சொன்னார். பிறகு எதற்காக ஐயா இந்தத் தண்டனை, அதுவும் என் அப்பாவுக்கு?

சற்றுக் கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நேற்றும் அப்பா ஐந்தாம் மாடியில் உட்கார்ந்துவிட்டு வந்ததாக அங்கே இருக்கும் அக்கா சொன்னார். அப்பா என்னிடம் சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழி மழை வரப்போகிறது, படிகள் இன்னும் வழுக்கும். அதற்கு முன் அவரும் மணியும் மின்தூக்கியில் போகலாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒன்பதாம் மாடிக் குடியிருப்பாளர்,
யீஷூன்.