மூக்கு முதலில், வயிறு கடைசியில்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே அப்பச்சி, அப்பத்தா எல்லோரும் நலம். பேத்தியின் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கும் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற மாதிரி ஃபெல்ட் துணியில் நாய்க்குட்டி தைத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஊசியும் துணியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

உனக்குத் தையல் வரும். ஆனால் இந்தச் சின்ன வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் வரிசை மாறுவதால். ஓரத்தைச் சுற்றித் தைத்து, பஞ்சும் அடைத்துவிட்டுப் பிறகு கண் வைக்கப் பார்ப்பார்கள். அப்போது முடிச்சை ஒளிக்க இடம் இருக்காது, இழுத்தால் முகம் குழிவிழும். முகத்து வேலை எல்லாம் துணி தட்டையாக இருக்கும்போதே முடிய வேண்டும். மூக்கு முதலில், வயிறு மூடுவது கடைசியில்.

துணியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபெல்ட் நெய்த துணி கிடையாது, இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்திச் செய்வது. பாவும் ஊடையும் இல்லாததால் எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது. ஓரம் மடிக்க வேண்டாம், திருப்பிப் போடவும் வேண்டாம், வெளியிலேயே தைக்கலாம். ஏ4 அளவில் தாள் தாளாகக் கிடைப்பது அனேகமாக பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். அதில் விறைப்பாக ஒன்று, மெத்தென்று ஒன்று. விறைப்பானதைப் பசை ஏற்றிச் செய்கிறார்கள். வெட்டுவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் பஞ்சு அடைத்தால் வளைந்து கொடுக்காமல் தையலை ஒட்டிச் சுருக்கம் விழும். கடையில் ஒரு மூலையை மடித்து விட்டுப் பார். மடிப்புக் கோடு நிற்காமல் தானாக விரிந்தால் அதை எடு. கனம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். திட்டுத் திட்டாக ஒளி தெரிந்தால் பிறகு உள்ளே இருக்கிற பஞ்சும் தெரியும். கம்பளி ஃபெல்ட் இதைவிட உயர்ந்தது, தையலும் அதில் நன்றாக உட்காரும். விலை அதிகம், பூச்சி அரிக்கும், சிவப்பு நிறத் துணி ஈரம் பட்டால் சாயம் விடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மெத்தென்ற பாலியெஸ்டர் போதும்.

ஒரு நாய் மூக்கிலிருந்து வால் நுனி வரை 9 செ.மீ., உயரம் 8 செ.மீ. இருக்கட்டும். இதைவிடச் சின்னதானால் காலுக்குள் பஞ்சு போகாது. ஒரு நாய்க்கு உடல் துண்டு இரண்டு. இடைவெளி விட்டு வைத்தால் ஒரு ஏ4 தாளில் 6 துண்டு வரும், அதாவது 3 நாய். ஆக 12 நாய்க்கு உடலுக்கு மட்டும் 4 தாள். காதும் புள்ளிகளும் வெட்டுவதற்குத் தனியாக ஒரு தாள். பாலியெஸ்டர் பஞ்சு 50 கிராமே போதும். எம்ப்ராய்டரி நூல் ஒரு கண்டு 8 மீட்டர், 6 இழை. இரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் ஆகும். ஒரு நாயின் சுற்றளவு 40 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே, ஓரத் தையலுக்கு அதைப்போல நாலு மடங்கு நூல் பிடிக்கும். கணக்குப்படி ஒரே கண்டு 12 நாய்க்கும் ஒட்டி ஒட்டி வரும், முடிச்சிலும் முனையிலும் வீணாவதைச் சேர்த்தால் வராது. ஒரே நிறத்தில் இரண்டு கண்டு வாங்கிக்கொள்.

தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சை இதற்கு எடுக்காதே. அதன் இழை வழுக்கும், தையல் இடைவெளி வழியே வெளியே எட்டிப் பார்க்கும். பருத்திப் பஞ்சு கட்டி கட்டியாகும், நீ இருக்கிற சிங்கப்பூரின் ஈரக் காற்றை உறிஞ்சிக் கனக்கும்.

நான் வரைந்த உருவத்தை அப்பச்சி ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அச்செடுக்கும்போது பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் தானாகச் சுருக்கிவிடும், 100 சதவீதம் என்று வைத்துக்கொள். தாளின் அடியில் 5 செ.மீ. கோடு ஒன்று போட்டிருக்கிறேன், அளந்து பார்த்துவிட்டு வெட்டு. உருவத்தைப் பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டிக்கொண்டால் 12 நாய்க்கும் தேயாமல் நிற்கும். ஒரு பக்கத்தை வரைந்ததும் பிலிமைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தை வரை. வெளிர் நிறத்துக்குக் கூரான பென்சில், கறுப்புக்குத் தேய்ந்த சோப்புத் துண்டின் ஓரம். வெட்டும்போது கத்திரியை ஓர் இடத்தில் வைத்துத் துணியைத் திருப்பு, வளைவு பிசிறாமல் வரும். இரண்டு காலுக்கும் நடுவே கூர் முனையாக வெட்டாதே. வளைவாக வெட்டினால்தான் பஞ்சின் அழுத்தத்தில் அந்த இடம் கிழியாது. வெள்ளைத் துணி இருந்தால் அதை முதலில் வெட்டி எடுத்து மூடி வைத்துவிட்டுக் கறுப்பைத் தொடு. கறுப்புத் தூசு வெள்ளையில் ஒட்டினால் லேசில் போகாது.

என்ன நாய் என்று கேட்டிருந்தாய். கடைப் படங்களில் வருகிற குட்டைக்கால் நாயும் சுருட்டை முடி நாயும் எல்லோரும் செய்வதுதான். நம் பக்கத்து நாய்களைச் செய்து கொடுத்தால் எனக்கு மனது நிறையும். ராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நாலு வகை எடுத்து ஒவ்வொன்றிலும் மூன்று தைக்கலாம். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் உண்டு, பரிசோடு வைக்கும் சீட்டில் பேத்தி அதை ஒரு வரியாக எழுதலாம்.

எந்த நாய் என்று பார்த்தவுடன் தெரிவது காது, வால், மூக்கு இந்த மூன்றால்தான். ராஜபாளையம் முழு வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, காது மடிந்து தொங்கும். வெள்ளை உடல்மேல் வெள்ளைக் காது தெரியாமல் போகும் என்பதால் காதின் ஓரத்துக்கு மட்டும் வெளிர் சாம்பல் நூல் போடு. மூக்கைக் கறுப்பாக்கிவிட்டால் அது ராஜபாளையமே இல்லை. கோம்பை செம்பழுப்பு, மூக்கும் வாயும் நீண்டிருக்கிற முகவாய் கறுப்பு, வால் மேலே சுருளும். சுருளுக்குள் ஊசி நுழையாது. அதனால் வாலை மட்டும் தனியாக இரண்டு அடுக்கில் பஞ்சில்லாமல் தைத்து, உடலின் இரண்டு துண்டுக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் உள்ளே செருகி ஓரத்தோடு சேர்த்துப் பிடித்துவிடு. கன்னி கறுப்பு, கண்ணுக்கு மேலே ஒரு பொட்டு, முகவாய், மார்பு, கால் எல்லாம் பழுப்பு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டால் இரவில் கண்ணுக்குத் தெரியாது, பழுப்பு நூலில் தைத்தால் வேலையும் சுலபம், உருவமும் எடுப்பு. சிப்பிப்பாறைதான் கஷ்டம். ஒட்டிய வயிறு, ஒல்லிக் கால். உள்ளபடி வரைந்தால் கால் 7 மில்லிமீட்டர்தான் வரும், இரண்டு பக்கத் தையலும் அதைத் தின்றுவிடும். காலை 12 மில்லிமீட்டராக்கி, அதில் பஞ்சு அடைக்காமல் விடு. ஒல்லித்தனத்தை வயிற்று வளைவில் காட்டு.

இனி தையல். நூலில் தொங்கும் பொருள் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் என்று ஒன்று இதற்குக் கிடையாது. கண், காது, புள்ளி எல்லாம் இரண்டு துண்டிலும் கண்ணாடி பிம்பமாக வர வேண்டும். ஒரு துண்டில் கண் வைத்ததும் இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்து, கண் இருக்கிற இடத்தில் ஊசியால் குத்தி மறுபக்கம் குறித்துக்கொள். கண்ணுக்கு மூன்று இழையில் பிரெஞ்சு முடிச்சு, அதாவது ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறக்குவது. வெளியே வந்த துளையிலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு உள்ளே விழுந்துவிடும், ஓர் இழை தள்ளி இறக்கு. கண்ணை மூக்குக்குப் பக்கத்தில் தாழ வைத்தால் குட்டி முகம் வரும், மேலே ஏற்றினால் வளர்ந்த நாய். மூக்குக்கு சாட்டின் தையல், அதாவது இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக நூலை நிரப்புவது. அதை ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே நிறுத்து, அந்த இடம் ஓரத் தையலுக்கு வேண்டும். காதை மேல் விளிம்பில் மட்டும் பிடி, கீழே தொங்கட்டும்.

ஓரத்துக்கு பிளாங்கெட் தையல், அதாவது ஒவ்வொரு குத்திலும் நூல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போவது. இரண்டு இழை, கை நீளத்துக்கு மேல் நூல் வேண்டாம், ஃபெல்ட் உரசி உரசி நூல் பஞ்சாகிவிடும். துணிகளைக் குண்டூசியால் குத்தாமல் முடி கிளிப்பால் பிடி, குண்டூசி துணியைத் தூக்கி இடம் மாற்றும். பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றில் தொடங்கு. முடிச்சு இரண்டு துண்டுக்கும் நடுவே மறையட்டும். 3 மில்லிமீட்டர் ஆழம், 3 மில்லிமீட்டர் இடைவெளி. பின்னங்கால், வால், முதுகு, தலை, மார்பு, முன்னங்கால் என்று சுற்றி வந்து வயிற்றில் 3 செ.மீ. திறப்பு விட்டு நிறுத்து. வயிறு பெரும்பாலும் நேர்கோடு என்பதால் கடைசியில் மூடினாலும் தழும்பு தெரியாது, முதுகில் திறப்பு விட்டால் தெரியும். வால் நுனி மாதிரி வெளிமுனையில் ஒரே துளையில் மூன்று தையல் விசிறியாகப் போடு. கால்களுக்கு நடுவே உள்வளைவில் ஒன்று போதும். நூலை ரொம்ப இழுத்தால் ஓரம் அலை அலையாகும், தளர விட்டால் விளிம்பில் உட்கார வேண்டிய நூல் முன்பக்கம் சரியும். சுற்றி வரும்போது பின் துண்டு கொஞ்சம் நீண்டுகொண்டே போய் முடிவில் துருத்தும். கிளிப் 3 செ.மீ.க்கு ஒன்று போட்டால் இது வராது. வந்துவிட்டால் தையலைப் பிரிக்க வேண்டாம், துருத்திய இடத்தைத் தைப்பதற்கு முன் கத்திரியால் நறுக்கிவிடு.

தலையைத் தாண்டி மார்புக்கு வந்ததும் ஊசியை நிறுத்தி, மூக்குக்கும் வாலடிக்கும் அப்போதே பஞ்சு வை. வயிற்றுத் திறப்பிலிருந்து மூக்கு நுனி எட்டாது. ஒவ்வொரு தடவையும் பட்டாணி அளவு பஞ்சைப் பிய்த்து, முனை மழுங்கிய சாப்ஸ்டிக்கால் தள்ளு. மொத்தமாகத் திணித்தால் நடுவில் கட்டியாகி முனை காலியாக இருக்கும். விரலால் அமுக்கினால் மெல்ல எழும்பி வரும் அளவு சரி. தையல்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் பஞ்சு அதிகம் என்று எடுத்துக்கொள்.

வயிற்றை மூடியபிறகு மாட்டும் நூல். இங்கே அவசரப்படாதே. முதுகின் நடுவில் மாட்டினால் நாய் மூக்கைத் தரையில் குத்தி நிற்கும், தலைப்பக்கம் காது, முகவாய் எல்லாம் சேர்ந்து கனம் அதிகம். முதுகு ஓரத்தில் குண்டூசியை லேசாகக் குத்தி, அதில் நூல் கட்டித் தூக்கிப் பார். மூக்கு தாழ்ந்தால் ஊசியைத் தலைப்பக்கம் நகர்த்து, வால் தாழ்ந்தால் பின்னே. அனேகமாகக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் நேராக நிற்கும். கோம்பைக்கு மட்டும் வாலின் கனத்தால் சற்றுப் பின்னே வரும். அந்த இடத்தில் 6 இழை நூல் 20 செ.மீ. எடுத்து, ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் கீழே இரண்டு துணியையும் ஊடுருவிக் கோத்துக் கட்டு. ஓரத் தையலின் நூலில் மட்டும் கோத்தால் சில நாளில் அது இழுபட்டுத் தொங்கிவிடும். கழுத்துத் துணியை இதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடத்தை மறைக்கும்.

கழுத்துக்கு அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையிலிருந்து துண்டுகள் அனுப்புகிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் நெசவு அது. கண்டாங்கிக் கட்டம் பெரிது. இவ்வளவு சின்ன முக்கோணத்தில் கட்டத்தின் நடுவை வெட்டினால் வெறும் ஒற்றை நிறம்தான் வரும். கோடுகள் குறுக்கே சந்திக்கும் இடம் முக்கோணத்தின் கீழ்முனையில் விழுகிற மாதிரி வைத்து வெட்டு. அடி 12 செ.மீ., உயரம் 4 செ.மீ. இது நெய்த துணி, ஓரம் பிரியும். வெட்டும் கோட்டின்மேல் துணிப் பசையை மெல்லிசாகத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் வெட்டினால் பிரியாது. கழுத்தைச் சுற்றிப் பிடரியில் ஏற்றி இரண்டு தையல் போட்டுவிடு.

மணி, பொத்தான், பாசி எதுவும் வைக்காதே. 3 வயதுக்குட்பட்ட தம்பி தங்கை எந்த வீட்டிலும் இருக்கலாம், பிய்த்து வாயில் போடுவார்கள். வளர்ப்பு நாய் இருக்கிற வீட்டுக்குக் கொடுத்தால் உயரமான கிளையில் மாட்டச் சொல். நாய் நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டிவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். விளக்குத் திரி, மெழுகுவத்தி பக்கம் தொங்கவிடக் கூடாது, பாலியெஸ்டர் உருகும். இஸ்திரி போட வேண்டியிருந்தால் மேலே பருத்தித் துணி விரித்துக் குறைந்த சூட்டில் போடு.

வீட்டில் பெரியவர்கள் யாராவது நல்ல நாளில் நாயைப் போய்த் தொங்கவிடுவதா என்றால், நம் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் வைரவன்பட்டியும் ஒன்று, வைரவருக்கு நாய்தானே வாகனம் என்று பேத்தியையே சொல்லச் சொல்.

முதலில் ஒரே ஒரு நாயை முழுதாக முடித்துப் பார். உருவத்தில் குறை இருந்தால் அப்போதே பிலிமைத் திருத்தலாம். பிறகு மீதி 11-க்கும் வெட்டு ஒரு நாள், முகம் ஒரு நாள், ஓரம் பல நாள் என்று பிரித்துக்கொள். கார்த்திகை தீபத்துக்கு முன் வெட்டு முடிந்துவிட்டால் நல்லது. அதன்பின் பிள்ளையார் நோன்புக்கு 21 இழை திரி, கருப்பட்டிப் பணியாரம் என்று உனக்கு வேறு வேலை இருக்கும். கண்டாங்கித் துண்டோடு ஓலையில் முடைந்த சின்னக் கூடைகள், நம் கொட்டான், 12-ம் பார்சலில் வைக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு நாய் படுக்கும் அளவு. கொட்டான் ஓலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பிரித்ததும் ஒரு நாள் வெயிலில் வை.

முதல் நாயை முடித்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. ஓரத் தையலை நான் பார்க்க வேண்டும்.

ஆத்தா