பெல்ட்டைக் கழற்றினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், ஸ்போர்ட்ஸ் காரில் பவர் ஸ்டீயரிங்கைத் துண்டித்துவிட்டு ஓட்டும் சுகத்தைப் பற்றிய கட்டுரை படித்தேன். ரசனையோடு எழுதியிருந்தார். ஆனால் 'பம்ப் பெல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது' என்று, ஸ்டீயரிங் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பம்பை எஞ்சினோடு சேர்த்து ஓட்டும் பெல்ட்டைப் பற்றி ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எங்களுக்கு வினை வந்தது அந்த வரியில்தான்.

என் தங்கச்சி மகன் பழைய ஃபியட் பேலியோ 1.6 கார் வைத்திருக்கிறான். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வது அவன் மட்டும்தான். இருந்தாலும் 100 குதிரைத்திறன், போதாததற்கு அகல டயர் வேறு. ஒருநாள் பெல்ட்டைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். விடிகாலையில் நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஏற்றினோம். 7.3 கிலோமீட்டர், அந்த நேரத்தில் ஈ காக்கை கிடையாது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் உள்ளங்கையில் வந்து தட்டியது. "ரோடு பேசுது பாத்தீங்களா மாமா" என்றான். பேசத்தான் செய்தது.

திரும்பி வந்து தெற்கு மாசி வீதியில் டீக்கடை ஓரமாக நிறுத்தப் பார்த்தபோது, சீட்டை விட்டு எழும்பி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை ஒடித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சரி, அம்பாசடர் ஓட்டிய எங்களுக்கு இது புதுசா என்று சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரம் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவதோ ஆறாவதோ, மேலிருந்து பஸ் இறங்கி வந்தது. சட்டென்று முழுசாக ஒடிக்க வேண்டிய இடம். ஸ்டீயரிங் பாதியில் கல்லாகிவிட்டது. மெதுவாகத் திருப்பினால் வருகிறது, வேகமாகத் திருப்பினால் மறுக்கிறது. பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்து நின்றார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

காரணம் இதுதான். பெல்ட் போனாலும் ரேக்குக்குள், அதாவது ஸ்டீயரிங் சுற்றை வாங்கி முன் டயர்களைத் திருப்பும் பல் தண்டுப் பகுதிக்குள், இருக்கும் பிஸ்டனும் சீலும் ஆயிலும் அப்படியேதான் இருக்கின்றன. நாம் ஒடிக்கும்போதெல்லாம் அந்த ஆயிலைச் சின்னக் குழாய்கள் வழியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கையாலேயே தள்ளுகிறோம். எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு கனம். இன்னொன்று, ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அது லேசாக முறுகித்தான் ஆயிலுக்கு வால்வைத் திறந்துவிடும். அழுத்தம் இல்லாதபோது அந்த முறுக்கு முழுவதும் வெறும் ஆட்டமாகக் கைக்கு வரும். சாலையை உணரத்தானே இத்தனை பாடு? நடுவில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு என்ன உணர்வது?

மஸ்கட்டில் ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேலைக்கு வரும். அந்த மாடலில் பவர் ரேக், சாதா ரேக் இரண்டும் உண்டு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசி வரை ஒடிக்க பவர் ரேக்கில் சுமார் 2.8 சுற்று, சாதா ரேக்கில் 3.3. சுற்று கூடினால் கைக்கு பாரம் குறையும். பவர் ரேக்கில் பெல்ட்டை மட்டும் எடுத்தால் சாதா ரேக்கைவிடக் கனமாகத்தான் இருக்கும். லோட்டஸ் எலீஸ் ஸ்போர்ட்ஸ் கார் 1996 முதல் 2021 வரை பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே வந்தது. அதற்கு எஞ்சின் பின்னால், முன்பக்கம் பஞ்சு. நம் வண்டிகளில் எஞ்சின் முழுக்க முன் டயர் மேலேதானே உட்கார்ந்திருக்கிறது.

ஆசைப்படுபவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் ரேக்கை இறக்கி, பிஸ்டன் சீலை எடுத்து, முறுக்குக் கம்பியை வெல்டு வைத்து ஆட்டம் போக்கி, கிரீஸ் போட்டு மூட வேண்டும். வெல்டிங் கை தேர்ந்தவர் கையால் நடக்க வேண்டும், விட்டுப்போனால் ஸ்டீயரிங்கே இல்லை. இப்போதைய கார்களில் மோட்டார் வைத்த ஸ்டீயரிங். அதில் ஃபியூஸைப் பிடுங்குவது இன்னும் மோசம், செத்த மோட்டாரையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருப்பதையும் கட்டுரையாளர் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அப்புறம், கட்டை விரல். அந்தக் காலத்து ஜீப் டிரைவர்கள் அதை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே விடவே மாட்டார்கள். பள்ளத்தில் டயர் இறங்கினால் ஸ்டீயரிங் உதறும் உதறலில் விரல் பிசகிவிடும். நம் ஊர்ப் பள்ளங்கள் உங்களுக்குத் தெரியாததல்ல.

மாப்பிள்ளை வண்டியில் பெல்ட் இப்போது பழையபடி ஓடுகிறது. காயலான் கடைகளில் இன்னொரு ரேக் தேடி அலைகிறான். கிடைத்தால் பிரித்துப் போடப் போவது நான்தான்.

இப்படிக்கு,
பழைய மெக்கானிக் ஒருவர்,
செல்லூர், மதுரை.