ஒரு கைப்பிடி கேட்டு, சபா செயலருக்கு

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அரங்கத்தின் பால்கனிப் படியில் பிடித்து ஏறக் கைப்பிடி இல்லாததைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன மார்கழியிலேயே புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதையே எழுதியிருந்தார்கள்.

இந்த வருஷமும் அம்மாவைக் கச்சேரிக்கு அழைத்து வந்தேன். வயது 78. எம்.எல்.வி., மதுரை சோமு என்று பெரிய பாடகர்களை இதே சென்னையில் சபா சபாவாகக் கேட்டு வளர்ந்த காது, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. கீழே டிக்கெட் இல்லை என்றார்கள். சரி, மாடிக்குப் போனோம். கைப்பிடி இல்லாததால் அம்மா சுவரைத் தடவித் தடவி ஏறினார். உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன்: உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. காம்போதி ராகக் கீர்த்தனை முடிவதற்குள் பட்டுப்புடவையின் மடியில் வெள்ளை வெள்ளையாகத் தாளம் பதிந்திருந்தது.

தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், "கூட்டம் இறங்கும்போது தள்ளுவாடா, இப்பவே போயிடலாம்" என்று எழுந்துவிட்டார். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு வகுத்துத் தந்த முறைப்படி துக்கடா என்கிற சின்னச் சின்னப் பாட்டெல்லாம் தனிக்கு அப்புறம்தானே? அம்மா வந்ததே அந்தத் திருப்புகழுக்கும் விருத்தத்துக்கும்தான். நாங்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தபோது, கீழே முதல் இரண்டு வரிசை சோபாக்கள் காலியாகவே இருந்தன.

ஒரு கைப்பிடி வையுங்கள் என்று வாசலில் இருந்தவரிடம் கேட்டேன். "பழைய கட்டடம் சார், சுவரில் கை வைக்கக் கூடாது" என்றார். விளம்பரப் பலகையை அதே சுவரில்தான் நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறீர்கள். பாரம்பரியத்துக்கு வங்கி விளம்பரம் என்றால் வலிக்காது போலிருக்கிறது.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்ததை மேடையில் பெருமையாகச் சொன்னீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகள் வந்ததும் அதே 2017-இல்தான். பொதுமக்கள் புழங்கும் பழைய கட்டடங்களையும் எல்லோரும் வந்து போகும்படி மாற்ற ஐந்து ஆண்டு கெடு. அது 2022-இலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை. பேச நேரமும் இல்லைதான்; பொன்னாடை போர்த்தவே இருபது நிமிஷம் ஆனது, அதற்கு ஈடாகத் தனியைச் சுருக்கச் சொல்லி மிருதங்கக்காரருக்குச் சைகை காட்ட வேண்டியிருந்தது. இளைய தலைமுறை கச்சேரிக்கு வருவதில்லை என்ற வருத்தம் வேறு. வருகிற முதிய தலைமுறையைப் படியிலேயே வடிகட்டிவிட்டால் யாரை வைத்துத்தான் அரங்கை நிரப்புவீர்கள்?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். லிஃப்ட் கேட்கவில்லை. சோபாவும் கேட்கவில்லை. அடுத்த மார்கழிக்குள் அந்தப் படியின் இரண்டு பக்கமும் ஒரு இரும்புக் குழாய்க் கைப்பிடி, அவ்வளவுதான். நிதி நெருக்கடி என்றால் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த சீசன் டிக்கெட்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தை அப்படியே தந்துவிடுகிறேன் என்கிறார் அம்மா.

இப்படிக்கு,
பால்கனி ரசிகன்