பெரியம்மாவின் நினைவுகளைத் தொகுக்கிறோம்

எல்லோருக்கும் வணக்கம். மே 12, சர்வதேசச் செவிலியர் தினத்தன்று நம் பெரியம்மாவைப் பற்றிய நினைவுகளைத் தொகுத்து இங்கே பகிரலாம் என்று இருக்கிறோம்.

ஏற்கெனவே நர்ஸாக இருந்தவர்தான்; ஆனாலும் அயல்நாட்டில் பதிவு பெற மொழித் தேர்வு, தகுதித் தேர்வு என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். நைட் ட்யூட்டி முடிந்து வந்ததும் சீருடையை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார். அப்புறம் அவர்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் தூக்கம். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்ததை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

போட்டோ, குரல் பதிவு எதுவானாலும் அனுப்புங்கள். மாமா, அவர் எழுதிய பழைய கடிதங்கள் உங்களிடம்தானே இருக்கின்றன? மே 10க்குள் வந்தால் தொகுக்க வசதியாக இருக்கும்.